பாலர் உணவுத் திட்டங்களால் பயன் பெறுவோர் யார்?

(ரெட்டிபாளையத்து நிலையை முன்வைத்து ஓர் ஆய்வு)

மூன்றாம் ஆண்டு பொருளியல் மாணவி

முன்னுரை

உணவு கொடுப்பதை உயிர் கொடுப்பதற்கு நிகராகப் போற்றிய மரபு நம்முடையது. மணிமேகலையின் அமுதசுரபியும், வடலூரில் வள்ளலார் 1867-இல் மூட்டிய அடுப்பும் அம்மரபின் சின்னங்கள். ஆயினும் அறச்சாலை இடும் சோற்றுக்கும் அரசு இடும் சோற்றுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அறச்சாலை வந்தவர்க்கு இடுகிறது. வராதவரைப் பற்றி அது கணக்குக் காட்ட வேண்டியதில்லை. அரசு செலவிடுவதோ மக்களின் வரிப்பணம். ஆகவே உண்டவர் யார், உண்ணாது விடுபட்டவர் யார் என்று கேட்பதற்குப் பொருளியல் பயிலும் நமக்கு உரிமையும் உண்டு, கடமையும் உண்டு.

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கென அரசு நடத்தும் உணவுத் திட்டங்களால் பயன் பெறுவோர் யார் என்று கேட்டால், 'ஏழைக் குழந்தைகள்' என்று ஒரே மூச்சில் விடை சொல்லிவிடுவோம். அவ்விடை பொய்யன்று, ஆனால் முழுமையும் அன்று. ஒரு குழந்தைக்கு உணவு போய்ச் சேர்வதைத் தீர்மானிப்பது அதன் வறுமை மட்டுமன்று. அதன் வயது, வீட்டுக்கும் குழந்தைகள் மையத்துக்கும் உள்ள தூரம், ஊட்டுவதற்குத் தாய்க்குக் கிடைக்கும் நேரம் ஆகிய மூன்றும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. இதனை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். நான் பிறந்து வளர்ந்த ரெட்டிபாளையம் வட்டாரத்தில் கண்டவற்றையும், நூல்வழி அறிந்தவற்றையும் இணைத்து இதனை எழுதுகிறேன்.

வந்த வழி

தமிழ்நாட்டில் பொதுப்பணத்தில் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் வழக்கம் நூறாண்டு கடந்தது. 1920-ஆம் ஆண்டு செப்டம்பரில், சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இருந்த சென்னை மாநகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி வழங்கத் தீர்மானித்தது. ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவிடலாம் என்பது வரம்பு. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் ஊர்ப்புறப் பள்ளிகளுக்குப் பரவியது. தொடக்கத்தில் அத்திட்டம் ஊராரின் நன்கொடையையும் பெரிதும் நம்பி நின்றது. 1961 முதல் 'கேர்' அமைப்பின் வழியாக அமெரிக்க உணவுப் பொருள்களும் வந்து சேர்ந்தன. அமெரிக்கா தன் உழவர்களின் மிகுதி விளைச்சலை அயல்நாடுகளுக்கு அனுப்ப 1954-இல் இயற்றிய சட்டம் அதற்கு அடிப்படை. பயன் பெறுவோர் யார் என்னும் கேள்விக்கு அன்றே ஒரு விடை கடலுக்கு அப்பாலும் இருந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

1975 அக்டோபர் 2 அன்று, ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தை நடுவண் அரசு நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் தொடங்கியது. ஆறு வயதுக்கு உட்பட்டோர், கருவுற்றோர், பாலூட்டுவோர் ஆகியோருக்கு உணவு, தடுப்பூசி, உடல்நலச் சோதனை, முன்பருவக் கல்வி ஆகியவற்றை ஒரே இடத்தில் தருவது அதன் நோக்கம். நம் மக்கள் 'பால்வாடி' என்று வழங்கும் அங்கன்வாடி இத்திட்டத்தின் அடிப்படை நிலையம். இன்று தமிழ்நாட்டில் ஏறத்தாழ 54,000 குழந்தைகள் மையங்கள் இயங்குகின்றன.

நம் பகுதிக்கு நெருங்கிய தொடர்புடைய நிகழ்ச்சி 1982-இல் நடந்தது. அவ்வாண்டு சூலை முதல் நாள், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் தொடங்கி வைத்தார். அன்று அரியலூரும் பெரம்பலூரும் திருச்சி மாவட்டத்தின் பகுதிகளே. ஊர்ப்புறங்களில் இரண்டு வயது முதல் ஒன்பது வயது வரை உள்ள குழந்தைகளுக்கு ஆண்டு முழுவதும் ஒரு வேளைச் சூடான உணவு என்பது திட்டம். செப்டம்பரில் அது நகர்ப்புறங்களுக்கும், 1984-இல் பதினைந்து வயது வரை உள்ள மாணவர்க்கும் விரிந்தது. 1989-இல் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பர் 15 முதல் அரசுத் தொடக்கப் பள்ளி மாணவர்க்குக் காலை உணவும் வந்தது.

இவ்வரலாற்றில் ஒன்று கருதத்தக்கது. பெரிய விரிவுகளில் பல, வயதில் மேல் நோக்கியே சென்றன. இரண்டில் தொடங்கிப் பதினைந்து வரை ஏறின. இரண்டுக்குக் கீழே இறங்குவதுதான் கடினமாக இருந்தது. அதற்குக் காரணம் அரசின் மனமின்மை என்று சொல்லிவிட முடியாது. இரண்டு வயதுக் குழந்தையைப் பந்தியில் உட்கார வைக்கலாம். எட்டு மாதக் குழந்தையை உட்கார வைக்க முடியாது.

எங்கள் வட்டாரம்

அரியலூர் மாவட்டம் சுண்ணாம்புக்கல்லுக்குப் பெயர் பெற்றது. ரெட்டிபாளையம் சிமெண்டு ஆலையாலும் கல் சுரங்கங்களாலும் அறியப்படும் ஊர். கல் ஏற்றிய லாரிகள் ஓடும் சாலையின் இருமருங்கிலும் ஊர்களும் தெருக்களும் சிதறிக் கிடக்கின்றன. ஆலை ஒன்று இருப்பதால் எல்லார்க்கும் ஆலையில் வேலை என்று வெளியூரார் எண்ணிக்கொள்வர். பெண்களுள் பெரும்பாலோர்க்கு வேலை இன்றும் காட்டிலேதான்: மக்காச்சோளத்தில் களை வெட்டுதல், பருத்தி எடுத்தல், முந்திரிக் காலத்தில் கொட்டை பொறுக்குதல். வேலை ஓராளுக்கு எட்டு மைல் தள்ளியும் கிடைக்கலாம். வீட்டுக்கு அருகிலும் கிடைக்கலாம். எதுவாயினும் காலையில் புறப்பட்டால் பொழுது சாயத்தான் திரும்ப முடியும்.

பால்வாடியின் நாளோ காலையில் தொடங்கிப் பிற்பகலில் முடிகிறது. மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் அக்காள் கையைப் பிடித்துக்கொண்டோ, ஆயா வந்து அழைக்க அவர் பின்னாலோ வந்துவிடுகின்றனர். பாட்டும் கதையும் முடிந்ததும் சோறு. முட்டை நாள் எதுவென்று மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்கிறது. உண்டபின் பாயில் படுத்துத் தூங்குகிறார்கள். இக்காட்சியைக் கண்டவர் எவரும் இத்திட்டம் வீண் என்று சொல்லத் துணியார்.

இனி, பயன் பெறுவோரை ஒருவர் பின் ஒருவராக நோக்குவோம்.

நேரே பயன் பெறுவோர்

முதலாவது, நடந்து வரத் தெரிந்த குழந்தை. ஏறத்தாழ இரண்டரை முதல் ஆறு வயது வரை உள்ள இக்குழந்தைக்கு உணவு நேரே வாயில் போய்ச் சேர்கிறது. மையத்தில் உண்ணும் சோற்றை வீட்டார் பங்கிட முடியாது. வீட்டில் காலை உணவும் நடுப்பகல் உணவும் நிலையில்லாத குடும்பங்களில், அன்றைய நாளின் உறுதியான உணவு இதுவே. சாதி பாராது ஒரே வரிசையில் அமர்ந்து உண்பது, சோற்றைவிட நெடுநாள் நிற்கும் பயனாகும்.

இரண்டாவது, அக்குழந்தையின் அக்காள். முற்காலத்தில் தம்பி தங்கையரை இடுப்பில் சுமந்தபடி வீட்டில் நின்றுவிட்ட சிறுமியர் எத்தனையோ பேர். தம்பிக்குப் பால்வாடி கிடைத்த அன்று அக்காளுக்குப் பள்ளிக்கூடம் கிடைத்தது. எந்த உணவுப் பட்டியலிலும் இவள் பெயர் இல்லை. எனினும் இத்திட்டத்தின் பயனாளிகளுள் இவளும் ஒருத்தி.

மூன்றாவது, தாய். பிள்ளை பத்திரமாக இருக்கும் சில மணி நேரம் அவளுக்குக் கூலி நேரம். மையத்தில் ஒரு வேளை உண்ட பிள்ளைக்காக வீட்டில் மிஞ்சும் அரிசி மிகச் சிறிது; ஆனால் அவள் ஈட்டும் கூலி சிறிதன்று.

நான்காவது, மையங்களில் பணிபுரியும் பெண்கள். 1982-இல் திட்டம் விரிந்தபோது கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் வேலையில் முன்னுரிமை தரப்பட்டது. ஊருக்குள்ளேயே கௌரவமான ஒரு வேலை என்பது அக்காலத்தில் அப்பெண்களுக்குப் புதிது. எனினும் அவர்கள் பெறுவது முழுநேர அரசு ஊழியரின் ஊதியமன்று; மதிப்பூதிய நிலையிலும் சிறப்புக் கால ஊதிய நிலையிலும் அவர்கள் தொடர்கின்றனர். பயன் கொடுப்பவரே குறைவாகப் பெறுவது நாம் நினைவில் கொள்ள வேண்டிய செய்தி.

ஐந்தாவது, பொருள் விற்போர். பருப்பு, எண்ணெய், முட்டை ஆகியவற்றுக்கு ஆண்டு முழுவதும் அரசு ஒரு நிலையான வாடிக்கையாளர். நாமக்கல் கோழிப் பண்ணைகளின் முட்டைக்குச் சத்துணவு ஒரு பெருஞ்சந்தை. இதில் குற்றம் காண வேண்டியதில்லை. குழந்தைக்குத் தேவையானது வாங்கப்படுகிறதா, விற்போர்க்கு வசதியானது வாங்கப்படுகிறதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

விடுபடும் குழந்தை

நிற்க. மேற்கண்ட பட்டியலில் ஒருவர் இல்லை. அவரே வீட்டில் எல்லார்க்கும் இளையவர்: ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை உள்ள குழந்தை.

சட்டப்படி இக்குழந்தை விடுபட்டதன்று. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைக்கு வீட்டுக்கு எடுத்துச் செல்லும் உணவாகச் சத்துமாவு வழங்கப்படுகிறது. கோதுமை, கேழ்வரகு, கடலைப் பருப்பு, வெல்லம் முதலியவற்றோடு உயிர்ச்சத்துகளும் தாது உப்புகளும் சேர்ந்த நல்ல மாவு அது. கருவுற்றோர்க்கும் பாலூட்டும் தாய்க்கும்கூட அது தரப்படுகிறது. பொட்டலம் வீட்டுக்கு வந்துவிடுகிறது. வீட்டு வாசலுக்கு உள்ளே நடப்பதுதான் நம் ஆய்வுக்கு உரியது.

நான் பேசிய தாய்மார்களுள் ஒருவர், பருத்திக் காட்டுக்குச் செல்பவர், சொன்னது இது: "மாவு வாங்குறோம் தங்கச்சி, இல்லேன்னு சொல்ல மாட்டேன். காலையில ஒருக்கா கரைச்சுக் குடுத்துட்டுப் போவேன். அப்புறம் அத்தைதான் பாத்துக்கணும். அவங்களுக்குக் கண்ணு செரியாத் தெரியாது, அடுப்புக்கிட்டப் போக மாட்டாங்க. நான் வர்ற வரைக்கும் புள்ளைக்கு ரொட்டித் துண்டும் டீயும்தான்." பெரிய பிள்ளைகளுக்கு அம்மாவில் பங்கு உண்டா என்று கேட்டேன். "உருண்டை புடிச்சா நாலு பேரும் சுத்தி உக்காந்துக்குவாங்க. ஒருத்திக்கு மட்டும் எப்படிக் குடுக்கிறது?" என்றார்.

இவ்விரண்டு விடைகளிலும் இரண்டு பொருளியல் உண்மைகள் உள்ளன. முதலாவது பகிர்வு. ஒரு குழந்தைக்கு அளந்து கொடுத்த மாவை நான்கு பிள்ளைகள் உண்டால், உரிய குழந்தைக்குக் கிடைப்பது கால் பங்கு. இதைக் 'கசிவு' என்று நூல்கள் கூறும். ஆனால் அது எங்கும் வீணாய்ப் போகவில்லை. பசியுள்ள மற்றொரு பிள்ளையின் வயிற்றுக்கே போயிற்று. ஒரு தாய் தன் பிள்ளைகளுக்குள் பங்கு பிரிப்பதைக் குற்றம் என்று கூறலாகாது. எனினும் திட்டம் தீட்டியவர் எண்ணிய விளைவு கால் பங்காகக் குறைந்தது என்பதும் உண்மை.

இரண்டாவது நேரம். பத்து மாதக் குழந்தையின் வயிறு சிறியது. தாய்ப்பாலோடு நாளுக்கு மூன்று நான்கு முறை, சிறிது சிறிதாக, பொறுமையாக ஊட்ட வேண்டும். கஞ்சியைத் தண்ணீராகக் காய்ச்சினால் வயிறு நிரம்பும்; சத்து நிரம்பாது. கெட்டியாகக் காய்ச்சி ஒரு கரண்டி நல்லெண்ணெயோ நெய்யோ விட்டால் அதே அளவில் இரட்டிப்பு நன்மை. முளைகட்டிய கேழ்வரகு மாவு சேர்ந்தால் கெட்டிக் கஞ்சியும் இளகி, குழந்தை எளிதாக விழுங்கும். இவ்வளவுக்கும் வேண்டுவது மாவு மட்டுமன்று, ஒரு ஆளின் நாள். அரசு மாவைப் பொட்டலத்தில் கட்டி அனுப்பிவிட்டது. ஊட்டும் கையை அனுப்ப முடியவில்லை.

வயது ஏன் முக்கியம்?

மூன்று வயதில் உண்ணத் தொடங்கினால் போதாதா, விட்டதைப் பின்னர் ஈடு செய்துகொள்ளக் கூடாதா என்று நண்பர்கள் கேட்கலாம். இதற்கு நடு அமெரிக்காவின் குவாத்தமாலா நாட்டில் நடந்த ஒரு நெடிய ஆய்வு விடை தருகிறது. 1969 முதல் 1977 வரை அங்கே நான்கு சிற்றூர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. இரண்டு ஊர்களில் புரதம் மிகுந்த கஞ்சியும், மற்ற இரண்டில் புரதமற்ற இனிப்புப் பானமும் குழந்தைகளுக்கும் தாய்மார்களுக்கும் வழங்கப்பட்டன. கஞ்சி உண்ட குழந்தைகளுள் மூன்று வயதுக்கு முன் உண்டவர்கள் உயரமாக வளர்ந்தனர். அதற்குப் பின் உண்டவர்களிடம் அத்தகைய வளர்ச்சி காணப்படவில்லை. இக்குழந்தைகள் வளர்ந்து ஆளானபின் மீண்டும் தேடிச் சென்று ஆராய்ந்தனர். பிறந்தது முதல் இரண்டு வயது வரை அக்கஞ்சியைப் பெற்ற ஆண்கள், மற்றவர்களைவிட மணிக்கு ஏறத்தாழ 46 விழுக்காடு மிகுதியாக ஊதியம் ஈட்டினர் என்று 2008-இல் முடிவுகள் வெளியாயின. பெண்களின் ஊதியத்தில் அவ்வேறுபாடு தென்படவில்லை.

கருவில் தோன்றிய நாள் முதல் இரண்டாம் பிறந்த நாள் வரை உள்ள ஏறத்தாழ ஆயிரம் நாள்களே உடலுக்கும் மூளைக்கும் அடித்தளம் இடும் காலம் என்பது இன்று மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட கருத்து. நமது சூடான சோறு கிடைக்கத் தொடங்குவது இரண்டு வயதில். வாயில் மூடப்போகும் வேளையில் நாம் சோற்றைக் கொண்டு வந்து நிற்கிறோம். பின்னர் இடும் உணவு பசியைத் தீர்க்கும். பள்ளிக்கு வரச் செய்யும். அதன் பெருமை குறைவதில்லை. ஆனால் முதல் இரண்டாண்டில் இழந்த உயரத்தை அது பெரும்பாலும் மீட்டுத் தராது.

தமிழ்நாடு பல மாநிலங்களைவிட முன்னேறியிருக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்டோருள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் இந்தியாவில் 35.5 விழுக்காடு; தமிழ்நாட்டில் 25 விழுக்காடு. பெருமைப்படலாம். ஆனால் அந்த 25 விழுக்காடு என்பது நான்கில் ஒரு குழந்தை. அதே ஆய்வில் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ள நம் குழந்தைகளுள் 57.4 விழுக்காட்டினர்க்கு இரத்தசோகை இருந்தது. நூறாண்டுச் சோற்று மரபு உடைய மாநிலத்தில் இக்கணக்கு எஞ்சி நிற்பதற்கு, நாம் சோறிடும் வயது ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன்.

இளையவரைத் தேடிச் சென்ற முயற்சிகள்

இக்குறையைத் தமிழ்நாடு அறியாமல் இருக்கவில்லை. உலக வங்கியின் கடனுதவியோடு 1980-இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை உள்ள குழந்தைகளையே இலக்காகக் கொண்டது. மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி வட்டாரத்தில் முதலில் சோதித்துப் பார்த்தபின் பிற வட்டாரங்களுக்கு விரிந்தது. மாதந்தோறும் குழந்தையை எடை போட்டு, அட்டையில் கோடிட்டுக் காட்டினர். கோடு மேலே ஏறாமல் நின்ற குழந்தைக்கு மட்டும் மையத்திலேயே சத்துருண்டை, தொண்ணூறு நாள். எடை கூடினால் உணவு நிறுத்தப்படும். தேறாத குழந்தை மருத்துவ உதவிக்கு அனுப்பப்படும்.

இதன் சிறப்பு, உணவை மருந்து போலக் கையாண்டது. கையெழுத்தறியாத தாயும் கோட்டைப் பார்த்துத் தன் பிள்ளையின் நிலையை அறிந்தாள். 1989-இல் முதற்கட்டம் முடிவதற்குள், திட்டம் நடந்த இடங்களில் கடுமையான ஊட்டக்குறைவு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்ததாக மதிப்பீடுகள் கூறின. ஆனால் ஒரு கேள்வி எஞ்சியது. 'என் பிள்ளை தேறியதற்காகவா சோற்றை நிறுத்துகிறீர்கள்?' என்று ஓர் ஏழைத் தாய் கேட்டால் என்ன விடை சொல்வது? தேவை அறிந்து கொடுப்பது சிக்கனம்; எல்லார்க்கும் கொடுப்பது உரிமை. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள இழுபறி இன்றுவரை தீரவில்லை.

உரிமையின் பக்கம் சட்டம் பின்னர்ச் சாய்ந்தது. மக்கள் குடிமை உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் 2001 நவம்பர் 28 அன்று உச்சநீதிமன்றம், குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் உணவு ஒவ்வொரு குழந்தைக்கும் சேர வேண்டும் என்று ஆணையிட்டது. 2006 டிசம்பரில், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் நாற்பது பேர் உள்ள குடியிருப்பு மையம் கேட்டால் மூன்று மாதத்துள் திறக்க வேண்டும் என்றும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வாழும் குடியிருப்புகளுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் கூறியது. தூரமும் ஒரு தடை என்பதை நீதிமன்றம் ஏற்றதன் அடையாளம் இது. ஊர்த்தெருவில் மையம் இருந்து, சாலைக்கு அப்பால் மற்றொரு தெரு இருந்தால், லாரிகள் ஓடும் அச்சாலையே மூன்று வயதுக் குழந்தைக்கு ஓர் ஆறு போன்றது. 2013-இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்வுணவைச் சட்ட உரிமையாக்கியது.

அண்மையில் நம் மாவட்டமே ஒரு முயற்சிக்குக் களமாயிற்று. 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தின் இரண்டாம் கட்டத்தை 2024 நவம்பர் 15 அன்று, முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அரியலூரை அடுத்த வாரணவாசி குழந்தைகள் மையத்தில் தொடங்கி வைத்தார். ஆறு மாதத்துக்கு உட்பட்ட, ஊட்டம் குன்றிய குழந்தைகளின் தாய்மார்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம் வழங்கப்படுகிறது. குழந்தைக்காகத் தாய்க்கு உணவு என்னும் இம்முறை, வயதின் படிக்கட்டில் கீழ்ப்படிவரை இறங்கி வந்ததன் அடையாளம்.

பிற நாட்டு நிலை

வேறு நாடுகளின் நிலையையும் சுருக்கமாக நோக்குவோம். இலங்கையில் 1973-இல் தொடங்கிய 'திரிபோஷ' என்னும் சத்துமாவு, கருவுற்றோர்க்கும் பாலூட்டுவோர்க்கும் குழந்தைகளுக்கும் வழங்கப்பட்டு வருகிறது. அங்கும் பொட்டலம் குடும்பத்தாரால் பங்கிடப்படுவதே பெருங்குறையாகக் கூறப்பட்டது. அமெரிக்காவிலோ நிலை தலைகீழ். பெண்கள், கைக்குழந்தைகள், ஐந்து வயதுக்கு உட்பட்டோர் ஆகியோர்க்கென 1972-இல் சட்டமாகி 1974-இல் நடைமுறைக்கு வந்த துணை உணவுத் திட்டத்தில், ஒரு வயது நிரம்பாத குழந்தைகளே மிகுதியாகச் சேர்கின்றனர். முதல் பிறந்த நாளுக்குப் பின் பலர் விலகுகின்றனர். விலையுயர்ந்த பால்மாவு கிடைக்கும்வரை அலுவலகத்துக்கு அலைவது தாய்க்குக் கட்டுபடியாகிறது. அதன் பிறகு கட்டுபடியாகவில்லை. இரு நாட்டிலும் பாடம் ஒன்றே: தாய் செலவிடும் நேரமும் கிடைக்கும் பொருளும் தராசில் நிறுக்கப்படுகின்றன. இலவசம் என்று நாம் சொல்லும் பொருளுக்கும் தாய் ஒரு விலை கொடுக்கிறாள். அந்த விலை அவளுடைய நாள்.

செய்யத் தக்கன

முதலாவது, ஊட்டும் கைக்கு ஏற்பாடு. வேலையிடத்துக்கு அருகே கைக்குழந்தைக் காப்பகம் என்பது புதுக்கருத்தன்று. தில்லியில் கட்டட வேலை செய்யும் பெண்களின் குழந்தைகளுக்காக மீரா மகாதேவன் 1969-இல் நடமாடும் காப்பகங்களைத் தொடங்கினார். அங்கன்வாடியோடு காப்பகத்தையும் இணைக்கும் 'பால்னா' திட்டத்தை நடுவண் அரசு 2022-இல் வகுத்தது. அறுவடைக் காலத்திலேனும் மாலை வரை இயங்கும் ஒரு காப்பகம் எங்கள் போன்ற ஊர்களில் வருமானால், சத்துமாவு கஞ்சியாகிக் குழந்தையின் வாய்க்குப் போகும்.

இரண்டாவது, தாய்க்கு நேரம். தமிழக அரசுப் பணியில் உள்ள பெண்களுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாத மகப்பேறு விடுப்பு உண்டு. நம் பேராசிரியைகள் அதனைப் பெறுவது முறையே. குழந்தைக்கு அவ்வளவு நாள் தாய் தேவை என்பதை அரசே ஒப்புக்கொண்டதற்கு அது சான்று. காட்டு வேலைக்குச் செல்லும் பெண்ணின் குழந்தைக்கும் வயிறு அதே அளவுதான். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி 2018-இல் பெட்டகங்கள் உட்பட 18,000 ரூபாயாக உயர்ந்தது. இது பெரிய உதவி. எனினும் ஓராண்டுக் கூலிக்கு அது ஈடாகாது. ஆகவே பிள்ளைக்கு ஆறு மாதம் ஆகுமுன் பலர் களைக்கொத்தை எடுத்துவிடுகின்றனர்.

மூன்றாவது, பாட்டிக்குப் பாடம். ஊட்டச்சத்துக் கூட்டங்கள் தாய்மார்களுக்கு நடத்தப்படுகின்றன. பகலில் குழந்தையை வைத்திருப்பவரோ பாட்டி. கெட்டிக் கஞ்சி, ஒரு கரண்டி எண்ணெய், மசித்த முட்டை, கீரை என்னும் பாடம் அவருக்கே முதலில் சொல்லப்பட வேண்டும். வேலையில்லா நாளில் வீட்டில் இருக்கும் தந்தையும் இப்பாடத்துக்கு விலக்கல்லர்.

நான்காவது, பங்கைக் கணக்கில் கொள்ளுதல். பசியுள்ள வீட்டில் பொட்டலம் பங்கிடப்படும் என்பது தெரிந்ததே. அதைத் தடுக்க அறிவுரை கூறுவதைவிட, அவ்வீட்டுக்கு நியாயவிலைக் கடைப் பருப்பும் எண்ணெயும் தவறாது கிடைக்கச் செய்வதே மேல். பெரியவர் தட்டு நிரம்பினால் சிறியவர் கிண்ணம் தப்பும்.

முடிவுரை

பாலர் உணவுத் திட்டங்களால் நடந்து வரும் குழந்தையும், அதன் அக்காளும், தாயும், பணிபுரியும் பெண்களும், பொருள் விற்போரும் பயன் பெறுகின்றனர். அப்பயன் மெய்யானது, அதனைச் சிறுமைப்படுத்துவது இக்கட்டுரையின் கருத்தன்று. ஆனால் யாருக்கு ஒரு கவளம் வாழ்நாள் முழுவதும் பலன் தருமோ, அந்தக் கைக்குழந்தையே அதனைக் குறைவாகப் பெறுகிறது. அதற்குக் கேட்கத் தெரியாது. வரிசையில் நிற்கத் தெரியாது. வருகைப் பதிவேட்டில் அது இல்லாத நாள் என்று ஒன்று தெரிவதும் இல்லை.

நம் கல்லூரி மாணவருள் பெரும்பாலோர் இத்தகைய ஊர்களிலிருந்தே வருகிறோம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலை செப்பனிடுகிறோம், மரம் நடுகிறோம். மாதத்தில் ஒரு நாள், அவரவர் ஊர்ப் பால்வாடியில் குழந்தைகளை எடை போடும் நாளில் நாமும் சென்று, வராத கைக்குழந்தைகளின் வீடுகளுக்கு நடந்துபோய் அழைத்து வரலாம். எடை அட்டையின் கோட்டைப் பாட்டிமார்களுக்கு விளக்கிச் சொல்லலாம். இதற்குப் பணம் வேண்டியதில்லை; பட்டம் பெறும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. திட்டங்கள் வீட்டு வாசல் வரை வந்துவிட்டன. வாசலிலிருந்து தொட்டில் வரை உள்ள நாலடித் தூரத்தைக் கடப்பதே இனி எஞ்சியிருக்கும் பணி.